வீட்டாரும் சேர்ந்து செய்யும் வீட்டுப்பாடம்: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்

தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு வீட்டுப்பாடம் கொடுப்பதற்கு முன் ஆசிரியர் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் மட்டுமே மாலையில் வீட்டில் இருந்தால், இந்தக் குழந்தையால் இதைச் செய்ய முடியுமா? முடியாதென்றால், அந்தப் பணி குழந்தை கற்றதை அளப்பதில்லை. அந்த வீட்டின் படிப்பையும், அம்மாவுக்குக் கிடைக்கும் ஓய்வு நேரத்தையும், டியூஷனுக்குச் செலவழிக்க முடிந்த பணத்தையுமே அளக்கிறது. அப்படிப்பட்ட வீட்டுப்பாடத்தை நிறுத்திவிட்டு, பாட்டியிடம் கேட்டால்தான் முடியும் என்ற வகையில் அமைந்த பணிகளைத் தருவது எப்படி என்பதைத் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளியை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் அளவைத் தெளிவாக்கிக்கொள்வோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்களையும் 800 கற்பித்தல் மணி நேரத்தையும் வரையறுத்திருக்கிறது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என்றாகிறது. எழுத்தறிவும் எண்ணறிவும் அந்த நான்கு மணி நேரத்துக்குள் கற்பிக்கப்பட வேண்டியவை, வீட்டுக்குத் தள்ளிவிட வேண்டியவை அல்ல. 1, 2-ஆம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடமே தரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையும் 2-ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்று சொல்லி, 3 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைத்தது. நாள்தோறும் நான்கு பாடத்துக்கு எழுதி வரச் சொல்லும் வழக்கம் இந்த வரம்பை இரண்டு மாலைகளிலேயே கடந்துவிடும்.

ஆய்வுகளும் இதே திசையில்தான் இருக்கின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் வீட்டுப்பாடம் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட கட்டுரையில், வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு உயர் வகுப்புகளில் வலுவாகவும் தொடக்க வகுப்புகளில் மிக மெலிதாகவும் இருப்பதைக் காட்டினார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் எப்ஸ்டீன் வேறொரு வழியில் சிந்தித்தார். குழந்தை தான் வகுப்பில் கற்றதை வீட்டில் ஒருவருக்குக் காட்ட வேண்டும், அவரிடம் ஏதாவது கேட்டறிந்து வர வேண்டும், வீட்டார் பாடம் நடத்த வேண்டியதில்லை என்ற அடிப்படையில் அவர் ஒரு வீட்டுப்பாட முறையை வகுத்தார். அதுவும் தினமும் அன்று, வாரம் ஒன்று அல்லது இரு வாரத்துக்கு ஒன்று. நம் பள்ளிகளுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் நம் வீடுகளில் பாடப்புத்தகத்தைச் சொல்லித்தர ஆளில்லாமல் போகலாம், கேட்டால் சொல்வதற்கு விஷயம் இல்லாத வீடு கிடையாது.

பத்து முறை எழுதி வருதல்

புதியது தொடங்குவதற்கு முன் பழையது ஒன்றை விட்டுவிட வேண்டும். ‘இந்தச் சொற்களைப் பத்து முறை எழுதி வா’ என்று சொல்லி அனுப்பப்பட்ட 2-ஆம் வகுப்புக் குழந்தை அதை எப்படி எழுதுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ‘பள்ளிக்கூடம்’ என்ற சொல்லில் முதலில் ‘ப’வை மட்டும் மேலிருந்து கீழாகப் பத்து வரியிலும் போட்டுவிடும், அடுத்து ‘ள்’, அதற்கடுத்து ‘ளி’ என்று நெடுக்காகவே இறங்கும். பத்துச் சொற்கள் எழுதப்பட்டிருக்கும், ஆனால் ஒருமுறைகூட அந்தச் சொல் வாசிக்கப்பட்டிருக்காது. கை வலிக்கும், எழுத்து கோணும், மறுநாள் சொல்வதெழுதுதலில் அதே சொல் தவறாகவே வரும். குழந்தையைக் குறை சொல்லிப் பயனில்லை. கொடுத்த வேலையை விரைவாக முடிக்க அது கண்டுபிடித்த வழி அது.

மாற்று எளிது. சொல்லைப் பார்த்து வாய்விட்டுப் படிக்க வேண்டும், புத்தகத்தை மூட வேண்டும், நினைவிலிருந்து எழுத வேண்டும், திறந்து தானே சரிபார்க்க வேண்டும். இப்படி மூன்று முறை எழுதினால் போதும். இதை வகுப்பிலேயே இரண்டு வாரம் பழக்கிவிட்டால் 3-ஆம் வகுப்பிலிருந்து வீட்டிலும் தானாகச் செய்வார்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொற்களுக்கு மேல் வேண்டாம்.

மூன்று படிகள், ஓர் எடுத்துக்காட்டு

நல்ல வீட்டுப்பாடத்துக்கு மூன்று படிகள் உண்டு. அது வகுப்பில் தொடங்க வேண்டும். வீட்டில் ஒருவரைக் கேட்டோ, ஒன்றை எண்ணியோ, அளந்தோ அறிந்துவர வேண்டும். திரும்பி வந்த விடை மறுநாள் வகுப்பின் பாடப்பொருளாக மாற வேண்டும். மூன்றாவது படியைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். குறிப்பேட்டில் சிவப்பு மையில் சரிக்குறி போட்டுத் திருப்பித் தந்துவிட்டால், தான் கொண்டுவந்தது யாருக்கும் தேவைப்படவில்லை என்பதைக் குழந்தை இரண்டாவது வாரத்திலேயே புரிந்துகொள்ளும்.

ஒரு பணியை முழுதாகப் பார்ப்போம். 3-ஆம் வகுப்பில் பெருக்கலும் 5-ஆம் வகுப்பில் பின்னமும் நடக்கும் சமயத்தில் இதைச் செய்யலாம். வகுப்பில் ஒரு டம்ளரையும் கொஞ்சம் மணலையும் வைத்துக்கொண்டு, தலைதட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுங்கள். பிறகு வீட்டில் கேட்டுவர ஒரே கேள்வி: ‘நம் வீட்டில் இட்லி மாவுக்கு எத்தனை டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் உளுந்து போடுவோம்?’ இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டு வந்தால் போதும், எழுத வேண்டியதில்லை. மாவைக் கடையில் வாங்கும் வீட்டுக் குழந்தை, ஒரு பொட்டலம் மாவில் எத்தனை இட்லி வருகிறது என்று கேட்டுவரலாம். அதையும் அதே மதிப்போடு கரும்பலகையில் எழுத வேண்டும்.

மறுநாள் விடைகள் ஒன்றுபோல் இருக்காது. நாலுக்கு ஒன்று என்று பலர் சொல்வார்கள், மூன்றுக்கு ஒன்று என்று சிலர், ஐந்துக்கு ஒன்று என்று ஒருவர். இந்த வேறுபாடுதான் பாடம். கரும்பலகையில் வீடுகளின் விடைகளை எழுதிவிட்டு, ‘நாலுக்கு ஒன்று போடும் வீட்டில் விருந்தாளி வந்தால் உளுந்து இரண்டு டம்ளர், அரிசி எவ்வளவு? உளுந்து மூன்று என்றால்?’ என்று கேட்டுக்கொண்டே போனால் நான்காம் வாய்பாடு தேவையோடு வந்து நிற்கும். 5-ஆம் வகுப்பில், ‘மொத்தத்தில் உளுந்து எத்தனை பங்கு?’ என்று கேளுங்கள். பெரும்பாலான குழந்தைகள் நான்கில் ஒரு பங்கு என்பார்கள். அப்போது மறுத்துப் பேசாமல், நான்கு கூழாங்கல்லையும் ஒரு புளியங்கொட்டையையும் மேசைமேல் வைத்து எண்ணச் சொல்ல வேண்டும். மொத்தம் ஐந்து, அதில் கொட்டை ஒன்று. ஆகவே ஐந்தில் ஒரு பங்கு. பகுதியைப் பகுதியோடு ஒப்பிடுவதும் பகுதியை முழுமையோடு ஒப்பிடுவதும் வேறு வேறு என்ற இந்த இடத்தில்தான் பின்னமும் விகிதமும் பிரிகின்றன, உயர்நிலைப் பள்ளி வரை குழந்தைகள் இடறுவதும் இங்கேதான்.

ஏன் வீட்டுக்கு வீடு மாறுகிறது என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் ஆசிரியர் கேட்கலாம். கிரைண்டரில் ஆட்டும் வீடுகளையும் மிக்சியில் அரைக்கும் வீடுகளையும் பிரித்து எழுதிப் பார்த்தால், மிக்சி வீடுகளில் உளுந்து சற்றுக் கூடுதலாகப் போடுவது பெரும்பாலும் தெரியவரும். ‘ஏன் என்று அம்மாவிடம் கேட்டு வா’ என்பது அடுத்த நாள் பணி. கிரைண்டரில் ஆட்டினால் உளுந்து நிறையக் காணும், பொங்கும் என்று அம்மா சொல்வதைக் குழந்தை அப்படியே வந்து சொல்லட்டும். அறிவியல் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. 5-ஆம் வகுப்பில், வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பழைய படியோ ஆழாக்கோ இருக்கிறதா என்று தேடச் சொல்லலாம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று இரட்டித்து இரட்டித்துப் போகும் அந்த அளவுமுறை, பாதியையும் காலையும் அரைக்காலையும் கையில் பிடித்துப் பார்க்கக் கொடுக்கிறது.

வாசிப்புக்கு

1, 2-ஆம் வகுப்புகளில் எழுதும் வீட்டுப்பாடம் எதுவும் வேண்டாம், வீட்டில் கேட்டுவருவது வாய்மொழியாக மட்டும் இருக்கட்டும். வீட்டிலிருந்து ஒரு விடுகதையைக் கேட்டு நினைவில் வைத்துக்கொண்டு வருவது மிகச் சிறந்த பணி. ‘ஊசி நுழையாத கிணற்றிலே ஒரு படி தண்ணீர்’ என்று ஒரு குழந்தை வந்து சொன்னால், வகுப்பு தேங்காயைக் கண்டுபிடிக்கட்டும். பிறகு ஆசிரியர் அந்த வரியைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, ஒவ்வொரு சொல்லாகச் சுட்டிக்காட்டி அனைவரும் படிக்கச் செய்யட்டும். சொல்லிய குழந்தைக்கு அந்த வரி முன்பே மனப்பாடம் என்பதால் எழுத்தையும் ஒலியையும் பொருத்துவது எளிதாகிறது. எழுத்துகளை இன்னும் பிடித்துக்கொள்ளாத குழந்தைகளுக்கு, அதாவது தொடக்க வகுப்புகளில் எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்க்கத் தமிழ்நாடு அரசு நடத்தும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு நிலையில் இருப்பவர்களுக்கு, இந்த வழி மிகவும் உதவும். மொட்டு நிலையில் இருப்பவர்கள் அந்த வரியிலிருந்து தெரிந்த சொற்களை எடுத்து எழுதலாம். மலர் நிலையில் இருப்பவர்கள் அதே பாங்கில் புதிய விடுகதை ஒன்றை உருவாக்கலாம். ஒரே பணி, மூன்று நிலைக்கும் வேலை.

வகுப்பில் மட்டும் செய்ய வேண்டிய, வீட்டுக்கு அனுப்பவே கூடாத வேலையும் உண்டு. கொம்பு அதில் முதன்மையானது. ‘கெ’ என்பதில் ஒலிக்கும்போது ககரம் முன்னும் எகரம் பின்னுமாக வருகிறது, எழுதும்போதோ கொம்பு முன்னால் வந்துவிடுகிறது. ‘கொ’வில் ஒரே உயிரின் குறி மெய்யின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. காதில் கேட்ட வரிசையில் எழுத முயலும் குழந்தை இங்கே தடுமாறுவது அதன் நேர்மையையே காட்டுகிறது. பழைய அழைப்பிதழ் அட்டைகளை வெட்டி க, த, ப, ம போன்ற எழுத்துகளைத் தனியாகவும், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால் ஆகியவற்றைத் தனியாகவும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ‘த’ அட்டை நடுவில் இருக்க, ‘தெ’ என்று ஆசிரியர் சொன்னால் ஒற்றைக் கொம்பை இடப்புறம் வைக்க வேண்டும்; ‘தொ’ என்றால் வலப்புறம் காலும் சேர வேண்டும்; ‘தோ’ என்றால் கொம்பு இரட்டையாக மாற வேண்டும். அட்டையைக் கையால் நகர்த்திப் பழகிய பிறகே பென்சில்.

குறில் நெடில் வேறுபாட்டைக் காதால் பிடிப்பதற்கு எடு–ஏடு, கொடு–கோடு, தொடு–தோடு போன்ற இணைகளைச் சொல்லிக் குறிலுக்கு ஒரு சொடக்கும் நெடிலுக்கு இரண்டு சொடக்கும் போடச் செய்யலாம். நம் இலக்கணமே மாத்திரையைக் கண்ணிமைக்கும் பொழுதாலும் கைநொடிக்கும் பொழுதாலும்தான் அளக்கிறது. இதை வீட்டில் தம்பி தங்கைகளோடு விளையாட்டாகத் தொடரலாம்.

3-ஆம் வகுப்பிலிருந்து, நாள்தோறும் பத்து நிமிடம் வீட்டில் ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவது ஒன்றே போதுமான நாள் பணி. கேட்பவருக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேட்டு முடித்ததும் அவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான். எந்தக் கேள்வியானாலும் சரி. ‘அந்த நரி ஏன் அப்படிச் செய்தது?’ என்று பாட்டி கேட்டால், விடை சொல்வதற்காகக் குழந்தை மறுபடியும் அந்தப் பக்கத்துக்குப் போகும்.

கணக்கில் இரண்டு பணிகள்

கடன்வாங்கிக் கழித்தல் 2, 3-ஆம் வகுப்புகளில் பெரும் தொல்லை. 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் குழந்தை கவனக்குறைவாக எழுதவில்லை. இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. இதை மேலும் இருபது கணக்கு கொடுத்துச் சரிசெய்ய முடியாது, இருபது முறை அதே தவறு உறுதிப்படும். தென்னை ஈர்க்குச்சிகளைச் சிறு துண்டுகளாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்துக்கொள்ள வேண்டும். 42 என்பது நான்கு கட்டும் இரண்டு உதிரிக் குச்சிகளும். ஏழு குச்சி கொடு என்றால் கையில் இரண்டுதான் இருக்கிறது. ஒரு கட்டை அவிழ்த்தால் பன்னிரண்டு உதிரி ஆகும், அதில் ஏழு போக ஐந்து மிஞ்சும். மீதியுள்ள மூன்று கட்டுகளில் ஒன்றைக் கொடுத்தால் இரண்டு கட்டு. விடை 25. கட்டை அவிழ்த்த குழந்தைக்கு, மேலே உள்ள நான்கை அடித்து மூன்று என்று ஏன் எழுதுகிறோம் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் இது ஒரு வாரமாவது நடந்த பிறகு, வீட்டில் இதே குச்சிகளை வைத்து இரண்டே இரண்டு கணக்கைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அம்மாவுக்குக் குழந்தை சொல்லித்தருவதாக இது அமையட்டும்.

மற்றொன்று கோலம். வீட்டில் யாரிடமாவது ஒரு புள்ளிக் கோலத்தைக் கேட்டு, கோட்டை விட்டுவிட்டுப் புள்ளிகளை மட்டும் குறிப்பேட்டில் வைத்துவர வேண்டும். ஏழு புள்ளி நேர்ப்புள்ளி ஒன்றில் நிறுத்தம் என்றால் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று மொத்தம் 25 புள்ளிகள். ஏழு புள்ளி இடைப்புள்ளி நான்கில் நிறுத்தம் என்றால் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று 37. ஒவ்வொன்றாக எண்ணாமல் மொத்தத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்று வகுப்பைக் கேட்டால், நடு வரிசைக்கு மேலே இருப்பதும் கீழே இருப்பதும் சமம் என்பதை ஒரு குழந்தை நிச்சயம் பார்த்துவிடும். மேல்பகுதியைக் கூட்டி இரட்டித்து ஏழைச் சேர்த்தால் முடிந்தது. கோலம் போடும் வழக்கம் இல்லாத வீட்டுக் குழந்தைகள் வயர் கூடையின் கட்டங்களையோ, பாயின் கரையில் வரும் வடிவத்தையோ, தரையில் பதித்த டைல்ஸையோ எண்ணி வரலாம். பணியைச் சொல்லும்போதே இந்த மாற்றுகளையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. பிறகு தனியாகச் சொன்னால் அந்தக் குழந்தை விலக்கப்பட்டதாக உணரும்.

நிலவைப் பார்த்தல்

4, 5-ஆம் வகுப்புகளில் இரண்டு வாரம் நீளும் பணி ஒன்று வேண்டும். நிலவு அதற்கு உகந்தது. ஆனால் மாதம் முழுவதும் பார்க்கச் சொல்லக் கூடாது, ஏனென்றால் தேய்பிறையில் நிலவு உதிப்பது நாளுக்கு நாள் தள்ளிப்போய்க் குழந்தைகள் உறங்கிய பிறகே வரும். அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் தொடங்கிப் பௌர்ணமி வரை போதும். முதல் நாள் சூரியன் மறைந்தவுடன் மேற்கே தாழ்வாகத் தெரியும் மெல்லிய பிறையை வீட்டார் ஒருவருடன் நின்று பார்த்து, அதன் வடிவத்தையும், எந்தத் திசையில், எந்த வீட்டுக் கூரைக்கு அல்லது மரத்துக்கு மேலே தெரிந்தது என்பதையும் வரைய வேண்டும். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் அதே நேரத்தில் நின்று பார்த்தால், நிலவு வளர்வதோடு கிழக்கு நோக்கித் தள்ளிப்போவதும் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை மேகம் மறைத்துவிடும் என்பதால் தை, மாசி மாதங்களில் இதை வைத்துக்கொள்வது நல்லது. மேகம் மூடிய நாளில் ‘தெரியவில்லை’ என்று எழுதுவதும் முழு மதிப்புள்ள பதிவு என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பார்க்காததை வரைந்து வரப் பழகிவிடுவார்கள்.

கேட்கக் கூடாதவை

வீட்டைப் பாடமாக்கும்போது பெரும் எச்சரிக்கை தேவை. ‘உன் பிறந்தநாளுக்கு என்ன பரிசு கிடைத்தது’, ‘கோடை விடுமுறையில் எங்கே சென்றாய்’, ‘அப்பா என்ன வேலை செய்கிறார்’, ‘நேற்று இரவு என்ன சாப்பிட்டாய்’ என்பவை கேட்பவருக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். அப்பா இல்லாத வீடும், இரவு ஒழுங்காகச் சமைக்காத வீடும், தொழிலைச் சொன்னால் சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சும் வீடும் அந்த வகுப்பறையில் இருக்கின்றன. எல்லாக் குழந்தைகளும் தலைநிமிர்ந்து விடை சொல்லக்கூடிய கேள்வியை மட்டுமே கேட்க வேண்டும். ‘உனக்குப் பிடித்த பெரியவர் ஒருவரிடம்’ என்று தொடங்கினால் அம்மா, அப்பா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா யாராகவும் இருக்கலாம். திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் வந்திருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகள் விடுகதையை இந்தியிலோ ஒடியாவிலோ கொண்டுவந்தால் அதை முதலில் அந்த மொழியிலேயே வகுப்பு கேட்கட்டும், பிறகு தமிழில் பொருள் சொல்லட்டும்.

பணம் செலவாகும் எதையும் கேட்கக் கூடாது. சார்ட் அட்டை, தெர்மாகோல், கடையில் விற்கும் படத்தாள் ஆகியவற்றைக் கொண்டு இரவு பதினோரு மணிக்கு அப்பா செய்துதரும் எரிமலை மாதிரியில் குழந்தையின் பங்கு அதைப் பள்ளிக்குச் சுமந்துவருவது மட்டும்தான்.

பெற்றோர் செய்ய வேண்டியது

பெற்றோரிடம் நாம் எதிர்பார்ப்பது குறைவானது என்பதை ஜூன் மாதக் கூட்டத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெற்றோரை முறையாகச் சந்தித்துக் குழந்தையின் வருகையையும் கற்றல் முன்னேற்றத்தையும் தெரிவிப்பதைக் கல்வி உரிமைச் சட்டமே ஆசிரியரின் கடமையாக வைத்திருக்கிறது. அந்தச் சந்திப்பைக் குறை சொல்லும் இடமாக்காமல், ஒரு வீட்டுப்பாடத்தைப் பெற்றோரோடு சேர்ந்து செய்துபார்க்கும் இடமாக்கலாம். குழந்தை சொல்வதைக் கேளுங்கள். அது கேட்டால் உங்களுக்குத் தெரிந்ததை உங்கள் பேச்சுமொழியிலேயே சொல்லுங்கள். தவறாக எழுதியிருந்தால் அழித்துத் திருத்தாதீர்கள், ஏனென்றால் அந்தத் தவறுதான் குழந்தை எப்படிச் சிந்திக்கிறது என்பதை ஆசிரியருக்குக் காட்டும். குழந்தைக்குப் பதிலாக நீங்கள் எழுதித்தராதீர்கள். அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் நிறுத்திவிட்டு, ‘முடியவில்லை’ என்று சொல்லி அனுப்புங்கள். அண்ணனோடும் எதிர்வீட்டுக் குழந்தையோடும் ஒப்பிட்டுப் பேசாதீர்கள். இவ்வளவுதான்.

குறிப்பேட்டில் கையெழுத்து வாங்கிவரச் சொல்வதை நான் ஏற்பதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாவை நாள்தோறும் அந்தக் குழந்தையின் முன்னால் நாணச் செய்யும் வேலை அது. கேட்டேன் என்பதற்கு அடையாளமாக ஒரு பூவோ, நட்சத்திரமோ வரைந்து அனுப்பினால் போதும். எல்லாப் பெற்றோருக்கும் அதுவே முறை என்று வைத்துவிட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வீட்டுப்பாடத்தை அனுப்பும் வழக்கமும் கூடாது. அந்த ஒரு போன் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்பும். குழந்தை வாயால் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளும்படி ஒரே வரியில் பணி அமைந்தால் போன் தேவைப்படாது.

ஈராசிரியர் பள்ளியில்

60 குழந்தைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் இரண்டு ஆசிரியர்களைத்தான் வரையறுத்திருக்கிறது. ஐந்து வகுப்பையும் இருவரே பார்க்கும் பள்ளியில் இதெல்லாம் நடக்குமா என்ற கேள்வி நியாயமானது. நடக்கும், வாரத்துக்கு ஒரே பணி என்று வைத்துக்கொண்டால். இட்லி மாவுக் கேள்வியையும் கோலத்தையும் ஐந்து வகுப்புக்கும் சேர்த்தே கொடுக்கலாம். 1-ஆம் வகுப்பு எண்ணட்டும், 3-ஆம் வகுப்பு பெருக்கட்டும், 5-ஆம் வகுப்பு பின்னமாக எழுதட்டும். வியாழக்கிழமை கொடுத்துத் திங்கள்கிழமை கேட்டால் இடையில் ஞாயிறு ஒன்று கிடைக்கும். கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோர் பலருக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு. திங்கள் காலை முதல் அரை மணி நேரத்தைத் திரும்பி வந்த விடைகளுக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும்.

எல்லாக் குறிப்பேட்டையும் வரிக்கு வரி திருத்த முயல வேண்டாம். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் பாருங்கள். இந்த வாரம் ல, ள, ழ என்றால் மற்ற பிழைகளை விட்டுவிடுங்கள். குழந்தைகள் இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்க்கும் பழக்கம் 3-ஆம் வகுப்பிலிருந்தே கைகூடும். வந்த விடுகதைகளையும் கோலங்களையும் ஒரு நீளக் குறிப்பேட்டில் தேதியிட்டுத் தொகுத்துவந்தால், பருவ முடிவில் வகுப்பு நூலகத்துக்குப் புதிய வாசிப்பு நூல் ஒன்று கிடைக்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் குழந்தைகளே அதை வாசிக்கட்டும். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்தான். தாம் சொன்ன விடுகதை வகுப்பின் பாடமாகியிருப்பதை அவர்கள் நேரில் கேட்பார்கள்.

பணியைச் செய்யாமல் வரும் குழந்தைக்குத் தண்டனை கூடாது, காரணம் கேட்க வேண்டும், அதுவும் தனியாக. விடுதியில் தங்கியிருக்கும் குழந்தைக்கும், பெற்றோர் வெளியூரில் வேலைசெய்யும் குழந்தைக்கும் கேட்பதற்கு ஆள் இல்லாமல் இருக்கலாம். அவர்கள் காலை உணவு சமைக்க வரும் மகளிர் சுயஉதவிக் குழு அக்காவிடமோ, சத்துணவு சமையலரிடமோ பள்ளியிலேயே கேட்டுக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். இட்லி மாவுக்கு எத்தனைக்கு எத்தனை என்பது அவர்களுக்கும் தெரியும். ஐம்பது பேருக்குச் சமைப்பதென்றால் அளவு எப்படி மாறும் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும்.